பாறணைக்குக் கட்டிய சோறு

சாருஜாவுக்குப் புட்டு என்றால் உயிர். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். என் மகளுக்குச் சாப்பாட்டில் விருப்பமே இருக்கவில்லை, அது இந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு வருகிற ஒரு மனநோய் என்று பள்ளிக்கூடத்தில் கதைக்கிறார்களாம். சுத்தப் பொய். புட்டும் கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பும் வைத்தால் சாப்பாட்டுக் கோப்பையை வழித்துவிட்டுத்தான் எழும்புவாள்.

அருள்மலர், நீங்கள் மொழிபெயர்க்க வந்திருக்கிறீர்கள். நான் சொல்வதை இந்தப் பொலிஸ் பிள்ளைக்கு அப்படியே சொல்லுங்கள், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். எனக்கு இங்கிலீஸ் விளங்கும். ஜேர்மனியில் இருந்துவிட்டு லண்டனுக்கு, இந்தப் பிளேஸ்டோவுக்கு வந்தவள் நான், இரண்டு நாட்டிலும் வேலை செய்திருக்கிறேன். ஆனால் என் பிள்ளையின் கதையை என் மொழியில் சொன்னால்தான் எனக்கு ஒழுங்காக வரும்.

சாருஜா படித்த பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக்கூடத்தில்தான் எனக்கு வேலை. தலையில் வலை, கையில் உறை, முன்னால் பெரிய தட்டங்களில் பாஸ்தாவும் அவித்த மரக்கறியும். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வரிசையில் வருவார்கள். என் கரண்டிக்கு முன்னால் நின்ற பிள்ளை எதுவும் பசியோடு போனதில்லை. கொஞ்சம் மெலிந்த பிள்ளை என்றால் கேட்காமலே இன்னொரு கரண்டி வைப்பேன். அதற்காக யாரும் என்னை நிமிர்ந்து பார்த்ததில்லை. சட்டையில் குமுதினி என்று முழுப்பெயர் குத்தியிருந்தது, வருடக்கணக்காக அதை ஒருவரும் வாசிக்கவில்லை. நான் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

சாருஜா சியர்லீடிங்கில் சேரப்போகிறேன் என்று வந்து நின்றபோது வீட்டில் முதலில் முகம் சுளித்தது என் கணவர்தான். குகநாதன் தமிழ்க் கடைகளின் குளிர்சாதனப் பெட்டிகளைத் திருத்துகிறவர். நாள் முழுக்கக் குளிருக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பவருக்கு வீட்டுக்கு வந்தால்தான் சூடு ஏறும். பொம்பிளைப்பிள்ளை காலைத் தூக்கிறதை நாங்கள் ரிக்கற் எடுத்துப் போய்ப் பார்ப்பதோ என்று கேட்டார். நான் கறுப்புக் காலுறையை இடுப்பிலிருந்து கணுக்கால் வரைக்கும் நீளமாக வாங்கிக் கொடுத்தேன். பாவாடையின் உயரம் அதோடு மறந்துபோயிற்று. மனுசன் நல்லவர், கொஞ்சம் நேரம் கொடுத்தால் எதற்கும் பழகிவிடுவார்.

உங்களுக்கு அந்த விளையாட்டு தெரியாவிட்டால் சொல்கிறேன். இரண்டு பிள்ளைகள் இரண்டு பக்கமும் நின்று ஒரு பிள்ளையின் பாதங்களைக் கையில் ஏந்தித் தூக்குவார்கள். பின்னால் ஒருத்தி நிற்பாள். அவள் மேலே இருப்பவளைவிட்டுக் கண்ணை எடுக்கக்கூடாது. மேலே நிற்பவள் சரிந்தால் முதலில் தலையையும் தோளையும் பிடிப்பது அவள் வேலை. பின்னால் நின்றவள் கிளறிற்றாவின் மகள் ஜதுர்ஷிகா. கிளறிற்றா எங்கள் தெருவிலேயே இருக்கிறவள். மேலே நின்றவள் என் மகள்.

அவள் மேலே நின்று இரண்டு கையையும் விரித்த படம் ஒன்றைப் பெரிதாக அடித்துப் பள்ளிக்கூடத்துக் கேற்றடியில் மாட்டினார்கள். நான் வேலைக்குப் போகிற பஸ் அதற்கு நேரே நிற்கும். இறங்கியதும் முதலில் தெரிவது என் பிள்ளையின் முகம். பள்ளிக்கூடத்து நாள் என்று ஒன்று வரும், எல்லோரும் நீலம் உடுத்துக் கன்னத்தில் நீலம் பூசிக்கொண்டு கத்துவார்கள். அன்றைக்கு உப அதிபர் பரிமாறுகிற மேசையைச் சுற்றி உள்ளே வந்து, நீங்கள் சாருஜாவின் அம்மா அல்லவா என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். உறையைக் கழற்றக்கூட எனக்கு நேரம் தரவில்லை. அதற்குப் பிறகு ரீச்சர்மார் எல்லோருக்கும் நான் சாருஜாவின் அம்மா. எனக்கு நெஞ்சு நிறைந்து போயிருந்தது. சந்தோஷம் என்று நான் கண்டது அதைத்தான், அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பிறகு அவள் பெரியபிள்ளையானாள். எங்கள் முறைப்படி பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் உழுத்தங்களியும் கொடுத்தோம். இடுப்புக்குப் பலம் வேண்டும் என்று நானே பக்கத்தில் இருந்து ஊட்டினேன். மண்டபம் எடுத்துச் சாமத்தியவீடு செய்தோம், பல்லக்கில் வைத்துத் தூக்கி வந்தோம். நல்ல சாப்பாடு, வளர்கிற வயது, உடம்பு வைத்தது. வைக்கத்தானே கொடுத்தோம்.

ஒரு நாள் பயிற்சி முடிகிற நேரம் கிளறிற்றா றோல்ஸ் பொரித்துக் கொண்டுவந்திருந்தாள். பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டே, குமுதினி அக்கா, உங்கட மகள் இப்ப நல்ல பாரம், தூக்கிற பிள்ளையளுக்குத் தோள் நோகுதாம் என்று சிரித்தாள். பகிடிதான். சாருஜாவும் சிரித்துக்கொண்டு இரண்டாவது றோல்ஸை எடுத்தாள். அடுத்த கிழமை பயிற்சி கொடுக்கிற பெக்கா மிஸ் என்னைத் தேடிச் சாப்பாட்டுக்கூடத்துக்கு வந்தார். சாருஜா வளர்ந்துவிட்டாள், நல்ல பலமான தோள், இனிக் கீழே நிற்கட்டும், கீழே நிற்பவர்கள்தான் இந்தக் குழுவின் முதுகெலும்பு என்று நல்ல மாதிரித்தான் சொன்னார். நான் சிரித்துக்கொண்டு கேட்டேன். ஆனால் கீழே நிற்பவர்களின் முகம் படத்தில் விழுவதில்லை. கேற்றடிப் படத்தில் யார் சாருஜாவைத் தூக்குகிறார்கள் என்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

நான் பிள்ளையைப் பட்டினி போட்டேன் என்று இந்தக் கடதாசியில் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். பட்டினி வேறு, விரதம் வேறு. எந்தச் சைவத் தாயும் பிள்ளைக்கு விரதம் பழக்குவாள். வெள்ளிக்கிழமையில் தொடங்கினோம். பிறகு செவ்வாய். பிறகு சதுர்த்தி, சஷ்டி, கார்த்திகை என்று நாட்காட்டியில் இருக்கிறதுதான், நான் புதிதாக ஒன்றும் உண்டாக்கவில்லை. மற்ற நாட்களில் அளவாகச் சாப்பிட்டாள். பள்ளிக்கூடத்தில் என் கரண்டிதானே, அதனால் அளவு தப்புவதில்லை. ஒரு தரம் அவள் மற்றப் பக்கத்து வரிசையில் போய் நின்று தட்டு நிறையப் பாஸ்தா வாங்கிக்கொண்டாள். நான் ஏசவில்லை. மேசைக்குப் போய்ப் பக்கத்தில் இருந்தேன். அவ்வளவுதான். அவள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அழுதாள், நான் துடைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவள் என் வரிசையிலேயே நின்றாள்.

கோயிலில் எல்லோருக்கும் அவளைத் தெரியும். இந்த வயதில் இப்படியொரு பக்தியா என்று பெண்கள் தங்கள் பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுப்பார்கள். ஐயர் முன்னுக்குக் கூப்பிட்டு மாலை போட்டார். மெலிந்ததைக் கண்டவர்களும் நல்ல வடிவு வந்திருக்கிறது என்றார்கள். பெக்கா மிஸ் சாருஜாவைக் கீழே நிறுத்துகிற கதையை அதன்பிறகு எடுக்கவில்லை.

பிள்ளைகளின் நலன் பார்க்கிற ரீச்சர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு இருத்தி, சாருஜா அடிக்கடி தலைசுற்றுகிறது என்று சொல்கிறாளே, வீட்டில் எல்லாம் சரியா என்று கேட்டார். எங்கள் சமய அனுட்டானம் என்று சொன்னேன். உடனே அவருடைய குரல் மாறிவிட்டது. கேட்டதற்கு மன்னிப்புக் கேட்டார், இதை மதிக்கிறோம் என்றார். சாருஜாவையும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்களாம், அவளும் அதையே சொன்னாள். நான் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

நான் வற்புறுத்தினேன் என்று யாராவது சொன்னால், அதை நீங்கள் எழுத வேண்டாம். ஒரு நாள் பின்னேரம் நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்க அவள் வந்து குசினிக் கதவில் சாய்ந்து நின்றாள்.

"அம்மா, நான் கீழயே நிக்கிறனே. எனக்கு அதுதான் விருப்பம். மேல நிக்கேக்கை கால் நடுங்குது."

"அது உன்ர விருப்பம், பிள்ளை. நான் ஒண்டும் சொல்லேல்லை. ஆனா கேற்றடியில இருக்கிற படத்தைக் கழட்டிப்போடுவினம், அதை மட்டும் யோசி."

அவள் மேலே அறைக்குப் போனாள். அவள் முடிவு சொல்லவில்லை, பிள்ளைகளுக்கு முடிவெடுக்கத் தெரியாது. அடுத்த நாள் நான் பெக்கா மிஸ்ஸிடம், சாருஜா மேலே நிற்கத்தான் ஆசைப்படுகிறாள், சொல்ல வெட்கப்படுகிறாள் என்று சொன்னேன்.

கந்தசஷ்டி வந்தது. ஆறு நாள் விரதம், ஆறாம் நாள் சனிக்கிழமை சூரன்போர், ஞாயிறு காலையில் பாறணை. இந்தப் பொலிஸ் பிள்ளைக்குப் பாறணை என்றால் என்னவென்று சொல்லுங்கள். விடியக் குளித்துச் சாமி கும்பிட்டு, சோறு கறியோடு சாப்பிட்டு விரதத்தை முடிக்கிறது. அதைச் செய்தால்தான் விரதம் நிறைவு. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் பெரிய போட்டியும் வந்தது, லண்டனில் இருக்கிற பள்ளிக்கூடங்கள் எல்லாம் வருகிற போட்டி. முருகனே பார்த்து நாளைச் சேர்த்து வைத்ததாக எனக்குப் பட்டது.

சின்னப் பிள்ளைகள் பின்னேரத்தில் பாலும் பழமும் எடுக்கலாம், அதில் குற்றமில்லை என்று ஐயர் சொன்னார். சாருஜா அப்போது வெளியே சப்பாத்துக் கழற்றிக்கொண்டு நின்றாள், அவளுக்குக் கேட்கவில்லை. நான் போய்ச் சொல்லவும் இல்லை. அவள் வெறும் தண்ணீரோடு பிடித்தாள். நீங்கள் கேட்பீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். எனக்கு வயிற்றில் புண் இருக்கிறது, நான் விரதம் பிடிப்பதில்லை. அந்தக் கிழமையும் வேலைத்தலத்தில் வழமைபோலச் சாப்பிட்டேன்.

கிழமை நடுவில் பெக்கா மிஸ் இவளைப் பயிற்சியிலிருந்து ஆறவிடவா என்று கேட்டார். குழுவில் நோன்பு பிடிக்கிற பிள்ளைகளை ரமழானில் அப்படித்தான் ஆறவிடுவாராம். எங்கள் கடவுள் போருக்குப் போன கடவுள், எங்களுக்கு விரதத்தில்தான் பலம் வரும் என்று நான் சொன்னேன். அவர் அதைக் கேட்டு வியந்தார். குகநாதனும் ஒரு நாள், பிள்ளை வெளிறிப் போனாள் எல்லே என்றார். விரதக்களை என்றேன். அவர் அவள் தலையில் கையை வைத்து, என்ர செல்லம் எங்களுக்காகவும் கும்பிடு என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். அவரை நீங்கள் இதற்குள் இழுக்க வேண்டாம். அவர் உண்மையாகவே நம்பினவர்.

ஞாயிற்றுக்கிழமை நான் எல்லோருக்கும் முதல் எழும்பிக் குளித்துச் சமைத்தேன். சோறு, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், பூசணிக்காய்க் கறி, கீரை, வடை, பாயாசம். எல்லாம் அவளுக்காகத்தான், அதில் எந்தக் கபடமும் இல்லை. வாசத்துக்கு அவள் படியால் இறங்கி வந்தாள். குளித்துத் திருநீறு பூசி, நீலச் சட்டையும் போட்டிருந்தாள். கோப்பை ஒன்றை எடுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டு மேசையில் இருந்தாள்.

"அம்மா, இண்டைக்குப் பாறணை தானே?"

"ஓம்."

"அப்ப இப்பச் சாப்பிடலாம் தானே?"

"இப்பச் சாப்பிட்டா வயிறு தள்ளிக்கொண்டு நிக்கும், பிள்ளை. போட்டி முடியட்டும். நான் கட்டிக்கொண்டு வாறன், பின்னேரம் ஆறுதலாச் சாப்பிடலாம்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "ஓம் அம்மா" என்றாள். பிறகு எழும்பி, பாவிக்காத அந்தக் கோப்பையைக் கழுவித் துடைத்து எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

சின்னவள் ஓவியா பக்கத்தில் இருந்து சாப்பிட்டாள். விரதம் இல்லாத பிள்ளை, அவளுக்குக் கொடுத்தேன். அவள் மேசைக்குக் கீழால் ஒரு வடையை அக்காவின் கைக்குள் வைப்பதைக் கண்டேன். கையை நீட்டினேன். சாருஜா வடையை என் உள்ளங்கையில் வைத்தாள்.

அவள் நகங்கள் நீலம் பாய்ந்திருந்தன. கன்னத்துச் சாயம் விரலில் பட்டிருக்கும் என்று பிறகு இறங்கி வந்த குகநாதன் நினைத்தார். அவள் அப்போது இன்னும் சாயம் பூசியிருக்கவில்லை. எனக்கு அது தெரியும். வேலைத்தலத்தில் முதலுதவி படிப்பித்திருக்கிறார்கள், நீல நகம் என்றால் என்ன, கை குளிர்ந்தால் என்ன என்று எனக்குத் தெரியும். நான் அவள் கையைத் தேய்த்துச் சூடாக்கினேன். சோற்றையும் கறிகளையும் அடுக்குச் சட்டியில் போட்டு, துவாயால் சுற்றிக் காரின் பின்பெட்டியில் வைத்தேன்.

மண்டபத்தில் ஒரே சத்தம். பள்ளிக்கூடத்துப் பெயரைச் சொல்லி எங்கள் பக்கம் எல்லோரும் கத்தினார்கள், குகநாதனும் கத்தினார். தூக்கினார்கள், மேலே போனாள், இரண்டு கையையும் விரித்துச் சிரித்தாள். படத்தில் நின்ற மாதிரியே நின்றாள். பிறகு இரண்டு கையும் மெதுவாகக் கீழே வந்தன. அது அவர்கள் பழகிய ஆட்டத்தில் இல்லை. எத்தனையோ பயிற்சிக்குப் போய் இருந்தவள் நான், அங்கே கை இறங்கக்கூடாது என்று எனக்குத் தெரியும்.

பிடித்தார்கள். அதை நீங்கள் தெளிவாக எழுத வேண்டும். ஜதுர்ஷிகா தலையையும் தோளையும் பிடித்தாள், மற்ற இரண்டு பிள்ளைகளும் இடுப்பைப் பிடித்தார்கள். என் மகளின் தலை நிலத்தில் படவே இல்லை. அந்த வீடியோவை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன், ஒரு கைகூட விடவில்லை. இரத்தத்தில் இருக்க வேண்டிய உப்புகள் இல்லாமல் இதயம் மேலேயே நின்றுவிட்டது என்று டொக்டர்மார் பிறகுதான் சொன்னார்கள். அது வரைக்கும் எல்லோர் போனிலும் பின்னால் நின்ற பிள்ளையின் கை வழுக்கிவிட்டது என்ற கதைதான். நான் அதைத் திருத்தவில்லை. என்னிடம் ஒருவரும் கேட்கவும் இல்லை.

செத்தவீட்டுக்குக் கிளறிற்றா வந்தாள். வாசலிலேயே நின்று, என்ர பிள்ளை பிடிச்சவள்தான் அக்கா, சாப்பிடுறாளில்லை, பள்ளிக்கூடம் போறாளில்லை, தன்ர கையைப் பாத்துக்கொண்டே இருக்கிறாள் என்று அழுதாள். நான் அவளைக் கட்டிப்பிடித்து, பரவாயில்லை கிளறிற்றா, வேணுமெண்டு விட்டிருக்க மாட்டாள் என்று சொன்னேன். இருந்தவர்கள் எல்லோரும் பெற்ற வயிறு எரிகிற நேரத்திலும் இவவுக்கு எவ்வளவு பெரிய மனது என்றார்கள். நான் அந்தப் பிள்ளையை மன்னித்தேன். இன்றைக்கும் அவள்மேல் எனக்குக் கோபமில்லை.

அதற்கு முதல், போட்டி நடந்த அன்றைக்கே, ஆஸ்பத்திரியில் பிள்ளையை மூடிவிட்ட பிறகு குகநாதன் காருக்குப் போனார். என் குளிர்ச்சட்டையை எடுக்கப் பின்பெட்டியைத் திறந்தவர் அடுக்குச் சட்டியைக் கண்டார். அப்போதும் அதில் இளஞ்சூடு இருந்ததாம். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பி வந்து என் முன்னால் நின்றார். பிள்ளை பாறணை செய்யேல்லையோ என்று கேட்டார். நான் சட்டியை வாங்கக் கையை நீட்டினேன். அவ்வளவு காலமும் எதையும் கண்டுகொள்ளாத மனுசன் அந்த இடத்தில் எல்லாவற்றையும் கண்டுகொண்டார். உங்களுக்குச் சொன்னதும் அவர்தான் என்று எனக்குத் தெரியும். அவரில் பிழையில்லை.

சரி, நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன், அருள்மலர், இதை மெதுவாக மொழிபெயருங்கள். சாமிக்காக என்று நான் பிள்ளையிடம் சொன்னேன், சாமிக்காக இல்லை. அவள் கேட்ட காலையில் சோறு ஆயத்தமாக இருந்தது. அவளால் ஏலாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஒரு பின்னேரம் வரைக்கும் தாங்கினால் போதும் என்று நினைத்தேன். தாங்காமல் போகலாம் என்றும் நினைத்தேன். இரண்டையும் நினைத்துக்கொண்டுதான் சட்டியை மூடினேன்.

கேற்றடியில் அந்தப் படம் இன்னும் இருக்கிறது. கீழே பூ வைத்து, நீல ரிபன் கட்டியிருக்கிறார்கள். பிள்ளைகள் தொட்டுவிட்டுப் போகிறார்கள். இனி அதைக் கழற்ற மாட்டார்கள்.

இன்னொன்று இருக்கிறது, எழுதுவதும் விடுவதும் உங்கள் விருப்பம். குகநாதன் சின்னவளைக் கூட்டிக்கொண்டு மோர்டனில் தன் தமக்கை வீட்டுக்குப் போய்விட்டார். நேற்று அங்கிருந்து போன் எடுத்தார். அவ்வளவு நாளும் என்னோடு கதைக்காத மனுசன், குரல் உடைந்து கதைத்தார். ஓவியா சாப்பாட்டைத் தொடுகிறாளில்லையாம். அக்கா பாறணை செய்யாமல் போனவள், அவளுக்காக நான் விரதம் பிடிக்கிறேன் என்கிறாளாம். நான் என்னப்பா செய்ய, நீ ஒருக்காச் சொன்னாக் கேப்பாள் என்று கெஞ்சினார். நான் கொஞ்சம் யோசித்துவிட்டு, பிள்ளை தானாக விரும்பிப் பிடிக்கிறாள், வற்புறுத்தாதேங்கோ என்று சொன்னேன்.